வன்னியில் விஞ்ஞானம் படிப்பிக்க: இலவசம் எது, காசு எங்கே?

பெப்ரவரி 9, கேள்வி

"துணுக்காய் வலயத்தில் ஒரு வகை 2 (தரம் 11 வரை மட்டும் உள்ள) பாடசாலைக்கு நியமனம் கிடைத்து வந்திருக்கிறேன். தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம் முழுக்க என் தலையில். ஆய்வுகூடம் என்று ஓர் அறை இல்லை. ஓர் அலுமாரி இருக்கிறது, அதுவும் பூட்டு. இலவச விஞ்ஞான வளங்கள், பாடசாலைகளுக்கு நிதி என்று இணையத்தில் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. விண்ணப்பிக்கப் போனால் ஒன்றும் எங்களுக்குப் பொருந்தவில்லை. காசு இல்லாமல் இந்தப் பாடத்தை ஒழுங்காகப் படிப்பிக்க ஏலாது என்றே படுகிறது. இங்கே இருக்கிற சேர்மார், ரீச்சர்மார் என்ன செய்கிறீர்கள்?"

பெப்ரவரி 9, இரவு

தங்கச்சி, அந்தப் பட்டியல்களை முதலில் மூடி வையுங்கள். பெரும்பாலும் அவை அமெரிக்காக்காரர் தங்கள் பள்ளிக்கூடங்களுக்காக எழுதியவை. டோனர்ஸ்சூஸ் என்று முன்னுக்கு வந்து நிற்குமே, ஆசிரியர் தன் வகுப்புத் தேவையை எழுதினால் முன்பின் தெரியாதவர்கள் காசு போடுவார்கள் என்று, அது அமெரிக்க அரச பாடசாலைகளுக்கு மட்டும். லண்டன் ரோயல் சொசைட்டி பாடசாலைகளுக்குக் கொடுக்கும் பங்காளர் நன்கொடையும் ஐக்கிய இராச்சியத்துக்குள்தான். இரவிரவாக விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு போனால் கடைசியில் "உங்கள் மாநிலத்தைத் தெரிவுசெய்க" என்று வரும். அலபாமாவுக்கும் அலாஸ்காவுக்கும் இடையில் துணுக்காய் இருக்காது.

காசு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அலுமாரித் திறப்பு யாரிடம்?

பெப்ரவரி 10

அதிபரிடமா? நினைத்தேன்.

வன்னியில் நான் வேலை செய்த பள்ளிக்கூடங்களில் சாமான் இல்லை என்பதைவிடச் சாமான் பூட்டிக் கிடக்கிறது என்பதுதான் அதிகம். மீள்குடியேறிய காலத்தில் அரசும் தொண்டு நிறுவனங்களும் புலம்பெயர்ந்தவர்களுமாகக் கொண்டு வந்து இறக்கினார்கள். எல்லாம் பொருட்பதிவேட்டில் ஏறியது. ஏறிய சாமான் உடைந்தால் யார் பதில் சொல்வது? வருட முடிவில் எண்ண வருகிறவர்களுக்கு முன்னால் எழுதின முகவை எல்லாம் இருக்க வேண்டும். பாவிக்காமல் விட்டால் நிச்சயம் இருக்கும்.

உடைந்ததை உடைந்தது என்று எழுதிக் கழிக்க முறை இருக்கிறது. அதிபரோடு இருந்து ஒரு கொப்பி போடுங்கள்: திகதி, எந்த வகுப்பு, என்ன பாடம், என்ன உடைந்தது. அதிபர் கையெழுத்து. அவ்வளவுதான். கண்ணாடி உடையாத பள்ளிக்கூடத்தில் செய்முறை நடக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

திறந்ததும் லேபிள் உரிந்த போத்தல் ஏதும் இருந்தால் மூடியைக் கழற்றி மணந்து பார்க்க வேண்டாம். ஒதுக்கி வைத்துவிட்டு வலயத்து ஆசிரிய ஆலோசகருக்குச் சொல்லுங்கள்.

பெப்ரவரி 13

இனி இலவசம். உண்மையிலேயே இலவசமாக, எங்கள் பாடத்திட்டத்துக்குப் பொருந்தி, தமிழில் கிடைப்பவை.

பாடப்புத்தகம் 1980 முதல் இலவசம், அதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் எல்லாத் தரமும் பீடிஎஃப் ஆக இருக்கிறது. புத்தகம் பிந்தி வருகிற வருடங்களில் அதுதான் கை கொடுக்கும். மகரகம தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளைப் போட்டிருக்கிறது. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. உள்ளே இருக்கும் செயற்பாடுகளில் கணிசமானவை கடைச்சாமானோடு செய்யக்கூடியவை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் வீடியோவும் பயிற்சியும் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் பழைய தமிழ் விஞ்ஞானச் சஞ்சிகைகள் கிடக்கின்றன. 70களில் எங்கள் ஆட்கள் எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கவாவது ஒரு தடவை போங்கள்.

வெளிநாட்டுச் சரக்கில் நான் விடாமல் பாவிப்பது ஃபெட் (PhET), திரையில் செய்முறை செய்து பார்க்கும் தளம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. மின்சுற்று, ஒளி முறிவு, அமிலம் காரம் என்று திரையில் இழுத்து இழுத்துச் செய்யலாம். சிலது தமிழிலும் உண்டு. ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் போட்டால் இணையமே இல்லாமல் ஓடும். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகிற நாளில் நல்ல வேகம் இருக்கிற இடத்தில் இருந்து மொத்தமாக இறக்கிக் கொண்டு வாருங்கள்.

தமிழ்நாட்டு வீடியோக்கள் நல்லவை, ஆனால் கலைச்சொல் வேறு. நான் சத்தத்தை நிறுத்திவிட்டு நானே சொல்லிக் கொடுக்கிறேன்.

பெப்ரவரி 14

ரொறன்ரோவிலிருந்து எழுதிய அண்ணைக்கு: ஸ்மார்ட் போர்ட் வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், ஆனாலும் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் திறப்பு விழாவுக்கு மாலை போட்ட கையோடு அது நின்றது. தூசி, வெக்கை, மின்னல். திருத்த ஆள் கொழும்பிலிருந்து வர வேண்டும், வருகிற செலவுக்கு யாரும் காசு ஒதுக்கவில்லை. இப்போது அதன் மேல் அறிவித்தல் ஒட்டுகிறார்கள்.

பெப்ரவரி 22

ஆய்வுகூடம் இல்லாமல் செய்முறைக்கு ஊரில் வாங்கக்கூடியது என்ன என்று கேட்ட பட்டியல். எல்லாம் மல்லாவியிலோ மாங்குளத்திலோ வாங்கலாம்.

பலசரக்குக் கடையில்: வினாகிரி, அப்பச்சோடா, மஞ்சள், ஈஸ்ட், உப்பு, சீனி, வெற்றிலைச் சுண்ணாம்பு. சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து இரவு அடைய விட்டு, மேலே தெளிந்ததை ஊற்றி எடுத்தால் சுண்ணாம்பு நீர். உறிஞ்சு குழாயால் ஊதினால் பால் நிறம். காபனீரொட்சைட்டுக்கு இதைவிட மலிவான சோதனை இல்லை.

மருந்துக் கடையில்: அயடீன், ஐதரசன் பேரொட்சைட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சுகள். சிரிஞ்சு வாங்கும்போது பெரிதும் சின்னனுமாக வாங்குங்கள். இரண்டையும் சேலைன் குழாயால் இணைத்தால் தரம் 10க்கு நீரியல் அழுத்தம் முடிந்தது.

வேலியில்: செவ்வரத்தம் பூ. சுடுதண்ணீரில் போட்டு எடுத்த சாயம் தேசிக்காய்ப் புளியில் சிவக்கும், சவர்க்காரத் தண்ணீரில் பச்சையாகும். பாசிச்சாயத்தாள் இல்லை என்று பாடத்தை நிறுத்தத் தேவையில்லை.

உரக் கடையில்: யூரியா. இது என் செல்லப் பிள்ளை. 50 மில்லிலீற்றர் தண்ணீரில் 20 கிராம் போட்டுக் கலக்கினால் வெப்பநிலை பத்துப் பாகைக்கு மேல் இறங்கும். கிளாஸ் வெளிப்பக்கம் வியர்க்கும். அகவெப்பத் தாக்கம் பற்றி ஒரு பக்கம் எழுதிப் போட்டு விளங்காத பிள்ளை, வயலில் யூரியா கரைத்த வாளி ஏன் குளிர்ந்தது என்று அப்பாவுக்கே போய் விளங்கப்படுத்தும். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்களே, அந்த மாதங்களில் மட்டும் இந்தச் செய்முறையை விட்டுவிட்டேன். 20 கிராமைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பெற்றோர் கோபிக்க மாட்டார்களா?

மின்பகுப்புக்குப் பழைய டோர்ச் பற்றரிக்குள் இருக்கும் காபன் கோல் போதும். தண்ணீரில் உப்புப் போட வேண்டாம், குளோரீன் வரும். அப்பச்சோடா போடுங்கள்.

பயறு முளைக்க வைக்கிறதென்றால் யன்னலுக்கு வலை வேண்டும். எங்கள் பக்கத்துக் குரங்குகள் முளைத்தல் அலகை நன்றாகப் படித்து வைத்திருக்கின்றன.

பெப்ரவரி 23, காலை

பட்டியலின் கீழே ஒரு தம்பி "துருப்பிடித்த இரும்பு, உலோகத் துண்டுகள், பிள்ளைகளையே காணியில் பொறுக்கிக் கொண்டுவரச் சொல்லலாம், செலவில்லை" என்று சேர்த்திருக்கிறார். தம்பி எந்த ஊரோ தெரியாது. வன்னியில் அப்படிச் சொல்லக்கூடாது. ஒருக்காலும் சொல்லக்கூடாது. 2009க்குப் பிறகு இத்தனை வருடம் கண்ணிவெடி அகற்றியும் இன்னும் வேலை முடியவில்லை. ஹலோ ட்ரஸ்டும் மாக் நிறுவனமும் 2002 முதல் வடக்கில் இந்த வேலையில் நிற்கின்றன. பிள்ளை ஆசிரியரைச் சந்தோஷப்படுத்த எதையும் தூக்கிக்கொண்டு வரும். செப்புக் கம்பி, ஆணி எல்லாம் கடையில் ரசீதோடு வாங்குங்கள். உலோகம் பற்றிய பாடம் தொடங்கும்போதே, நிலத்தில் கிடக்கும் இரும்பைத் தொடாதே, வந்து சொல் என்பதையும் சேர்த்துப் படிப்பியுங்கள்.

மார்ச் 3

மின்காந்தத் தூண்டலுக்கு என்ன செய்வது என்று ஒருவர். அட, நாங்கள் அதிலேயே வளர்ந்தவர்கள். 90களில் பொருளாதாரத் தடை. வன்னிக்குள் பற்றரி வராது. செய்தி கேட்க வேண்டும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து ரேடியோ பாடும். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். அரைக்கரைவாசிச் செய்தியோடு போர் எங்கே நிற்கிறது என்று ஊகித்திருக்கிறோம்.

அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாற். இப்போதும் பழைய சைக்கிள் கடைகளில் கிடக்கும். சிவப்பு எல்ஈடி ஒன்று, பச்சை எல்ஈடி ஒன்று, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சமாந்தரமாக, நடுவில் 220 ஓம் தடை. சில்லைச் சுற்றி, இருட்டில் எல்ஈடிக் கம்பியைக் காற்றில் வீசிப் பார்த்தால் சிவப்பும் பச்சையும் விட்டு விட்டுத் தெரியும். ஆடலோட்டம் (திசை மாறி மாறிப் பாயும் மின்) என்றால் என்ன என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகளிடம் அம்மம்மா, அம்மப்பாவைக் கேட்டு வரச் சொன்னேன். ஜாம் போத்தல் விளக்கு, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள் என்று கதைகளாக வந்தன. தகனம் பற்றிய பாடத்துக்கு நான் தயாரித்த குறிப்பு தேவைப்படவில்லை.

மார்ச் 17

சரி, காசு.

கிட்டவிருந்து தூரமாகப் போகிறேன். முதலாவது தர உள்ளீடு. பள்ளிக்கூடத்துக்கு வருடம் வருகிற பணம், பிள்ளைகளின் தொகையைப் பார்த்துப் பிரிப்பது, சின்னப் பள்ளிக்கூடத்துக்குச் சின்னத் தொகை. அதில் விஞ்ஞானத்துக்குப் பங்கு வேண்டுமென்றால் பட்டியலை அதிபர் கேட்க முதல் கொடுக்க வேண்டும். கேட்ட பிறகு கொடுப்பவருக்கு மிச்சம்தான் வரும், மிச்சம் என்றால் வெண்கட்டி.

இரண்டாவது பாடசாலை அபிவிருத்திச் சங்கம். வெளியாள் எவர் காசு தந்தாலும் அதன் கணக்குக்குப் போக வேண்டும், உங்கள் கைக்கோ உங்கள் வங்கிக் கணக்குக்கோ வரக்கூடாது. இதில் நல்ல ஆசிரியர்கள் பெயர் கெட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது பழைய மாணவர். பெரிய கல்லூரிகளுக்கு லண்டனிலும் பாரிசிலும் சங்கம் இருக்கும். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு இல்லாவிட்டால் ஊர் ஒன்றியத்தைத் தேடுங்கள்.

பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி: கட்டடம், தளபாடம், விளையாட்டுச் சாமான் என்றால் கதைக்கலாம். அயடீனுக்கு அவரிடம் போனால் சிரிப்பார்கள்.

தூதரகங்கள்: கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி, அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், யப்பானின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு நன்கொடை. மூன்றும் உண்மையாக இருப்பவை, இலங்கையில் கொடுப்பவை. ஆனால் இவற்றுக்குத் தனி ஆசிரியர் கடிதம் எழுதிப் பயனில்லை. பதிவு செய்த ஓர் அமைப்பு முன்னுக்கு நிற்க வேண்டும், ஆங்கிலத்தில் திட்டம் எழுத வேண்டும், முடிந்த பிறகு அறிக்கை கொடுக்க வேண்டும். ரோட்டரியின் உலகளாவிய நன்கொடைக்குத் திட்டத்தின் பெறுமதியே குறைந்தது 30,000 டொலர். உங்கள் அலுமாரிக்கு வேண்டியது அதில் நூறில் ஒரு பங்கு. அவர்களுடைய மாவட்ட நன்கொடை சின்னது, வவுனியாப் பக்கத்துக் கழகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு கொத்தணிப் பாடசாலைகள் எல்லாம் சேர்ந்து கேட்டால் வேறு கதை.

மார்ச் 18

நேற்று எழுதியதை வாசித்துப் பார்த்தேன். யாரிடம் கேட்பது என்று நீட்டி எழுதிவிட்டு என்ன கேட்பது என்பதை விட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய விஷயம்.

"எங்கள் பாடசாலைக்கு ஆய்வுகூட வசதி இல்லை, தயவுகூர்ந்து உதவவும்" என்று எழுதினால் படித்தவர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போவார். மாறாக இப்படி: "தரம் 9, மின்சுற்று அலகு, ஆறு குழு. ஒரு குழுவுக்கு பற்றரித் தாங்கி 1, குமிழ் 2, ஆளி 1, முதலைப் பிடிக் கம்பி 6, மல்டிமீற்றர் 1." பக்கத்தில் ஊர்க்கடை விலை. கீழே மொத்தம். கடைசியில், ஒவ்வொரு வருடமும் பற்றரிக்கும் குமிழுக்கும் மட்டும் இவ்வளவு. சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ இருக்கிறவர் இதைப் பார்த்து, இது என் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு என்று உடனே அனுப்புவார். அந்த வருடாந்தக் காசைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சாமான் தருவதற்கு ஆள் வரிசையில் நிற்கும், முடிந்துபோகிற சாமானை நிரப்பத்தான் ஆள் இல்லை.

சாமான் தந்தவரின் பெயர்ப்பலகை மாட்டும் விஷயத்தில் என் மனம் கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பு எரிச்சல் படுவேன், மூன்று கோப்பைக்கு முப்பது பேரின் பெயரா என்று. இப்போது யோசித்தால், தன் தாயின் பெயர் ஓர் அலுமாரிக் கதவில் இருந்தால் ஒருவர் ஒவ்வொரு வருடமும் அதை நினைப்பார், நிரப்புவார். சின்ன எழுத்தில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க மட்டும் நான் இன்னும் விட மாட்டேன். சாமானைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

ஏப்ரல் 16

புதுவருட விடுமுறையில் சும்மா இருக்காமல் முற்றத்தில் தடி நட்டேன். எங்கள் அகலக்கோடு 9 பாகை சொச்சம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, நண்பகல் 12.10 அளவில் சூரியன் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் நிற்கும். நிமிர்த்தி நட்ட தடிக்கு நிழல் இல்லை. ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தரம் வரும். செலவு ஒரு தடியும் ஒரு நூல்குண்டும்.

2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தன்று கிளிநொச்சியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். கண்ணாடி தேடி ஓடினார்கள். வேப்ப மரத்துக்குக் கீழே இலை இடுக்குகளால் விழுந்த வெளிச்சம் முழுக்க நிலத்தில் வளையம் வளையமாகக் கிடந்தது. ஊசித்துளைக் கமராவை அதைவிட நன்றாக எந்த உபகரணமும் காட்டியிருக்காது. வானத்தை வீட்டிலிருந்து பார்க்க ஸ்டெல்லேரியம் மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம்.

ஏப்ரல் 16, பின்னேரம்

பிள்ளைகள் இல்லாத நாளில் இது எதற்கு என்று கேட்டவருக்கு: ஆம், விடுமுறையில் பிள்ளைகள் இல்லை. தெரியும். வட்ஸ்அப்பில் சொன்னேன், ஐந்தாறு வீட்டில் தடி நட்டார்கள். ஒரு வீட்டில் மாடு சாய்த்துவிட்டது.

ஜூன் 2

ஒரு பழைய புத்தகம். இரண்டாம் உலகப் போரில் ஆய்வுகூடங்கள் அழிந்த நாடுகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ 1948இல் ஒரு கைந்நூல் போட்டது. தகரப் பேணி, போத்தல், கம்பி இவற்றால் தராசு முதல் எல்லாம் செய்வது எப்படி என்று. அதுதான் வளர்ந்து 1956இல் விஞ்ஞானக் கற்பித்தலுக்கான மூல நூலாக வந்தது. யுனெஸ்கோவின் மின் நூலகத்தில் இலவசமாக இறக்கலாம். ஆங்கிலம்தான், ஆனால் படம் நிறைய. மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்துக்குள் படிப்பித்தபோது இது என் கையில் இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

இதே வழியில் எங்களுக்கு இன்னும் கிட்ட நிற்பவர் இந்தியாவின் அரவிந்த் குப்தா. குப்பையிலிருந்து விளையாட்டுச் சாமான் செய்கிறவர், 2018இல் பத்மஸ்ரீ. தளத்தில் எல்லாம் இலவசம்.

ஜூன் 20

கொலிப்ரி (இணையம் இல்லாமல் பாடங்களைப் பார்க்கும் இலவச மென்பொருள்) பற்றிக் கேட்ட தம்பிக்கு: நல்ல சாமான். பழைய மடிக்கணினி ஒன்றில் கொலிப்ரியையும் கிவிக்ஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவையும் போட்டு ஒரு ரூட்டரை இணைத்தால், இணையமே இல்லாத வகுப்பில் பிள்ளைகள் போனிலோ டப்பிலோ பார்க்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் அரை நாளில் செய்து தருவார்கள், மதியச் சாப்பாடு கொடுத்தால் போதும். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கேட்கலாம்.

ஆனால் கொலிப்ரிக்குள் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ்ப் பிள்ளைக்கு அதைத் திறந்து விட்டுவிட்டுப் போனால் படம் பார்க்கும், எழும்பிப் போகும். வகுப்புக்கு ஏற்றதை நீங்களே தெரிந்து, பாடப்புத்தகத்தையும் ஃபெட்டையும் பக்கத்தில் வைத்தால்தான் பிரயோசனம். அதற்கு ஒரு மாதமாவது பின்னேரங்கள் போகும்.

ஜூலை 7

நுணுக்குக்காட்டிக்கு விலை கேட்டு மயங்கியவருக்கு: ஃபோல்ட்ஸ்கோப் என்று கடதாசியில் மடித்துச் செய்வது இருக்கிறது. ஸ்ரான்ஃபோர்ட்டில் மனு பிரகாஷ் குழு செய்தது, 140 மடங்கு. வெளிநாட்டிலிருந்து வருகிற யாராவது பையில் கொண்டு வரலாம், பாரமே இல்லை. அதுவும் இல்லையென்றால் பழுதான டிவிடி டிரைவுக்குள் இருக்கிற குட்டி வில்லையைக் கழற்றிப் போன் கமராவின் மேல் ஒட்டுங்கள். வெங்காயத் தோலின் கலங்கள் தெரிகின்றன. கருவுக்கு அயடீன் ஒரு துளி விட வேண்டும்.

செப்டெம்பர் 1

தங்கச்சி எழுதியிருக்கிறார்: அலுமாரி திறந்தாயிற்று, உள்ளே பிரிக்காத பெட்டியில் மல்டிமீற்றர்கள், ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு பறவைக்கூடு. மின்சுற்றுப் பட்டியலுக்கு ஊர் ஒன்றியம் காசு அனுப்பிவிட்டது. மல்டிமீற்றர் இருந்ததால் அந்தக் காசில் சிரிஞ்சும் வெப்பமானியும் வாங்கலாமா என்று கேட்கிறார். வாங்கலாம், ஆனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். அனுப்பியவருக்கு ஒரு வரி எழுதி, சரி என்ற பதிலைக் கோவையில் போட்டுவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், ஐதரசன் பேரொட்சைட்டில் போட்டு ஒட்சிசன் தயாரிக்க ஈஸ்ட் பைக்கற் திறந்தால் மிச்சம் பழுதாகிறது என்பதற்கு: காபன் கோல் எடுக்க வெட்டிய டோர்ச் பற்றரியின் கறுப்புத் தூளை எறிந்துவிட்டீர்களா? அதில் மங்கனீசீரொட்சைட்டு இருக்கிறது. தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்து, பேரொட்சைட்டில் ஒரு சிட்டிகை போட்டால் ஒட்சிசன் வரும். தணற்குச்சி பற்றும். வெட்டும் வேலையை நீங்களே செய்யுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். அல்கலைன் என்று எழுதிய பற்றரியை வெட்டவே வேண்டாம். உள்ளே பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, கையைப் புண்ணாக்கிவிடும்.